காலை நோய்க்கு மத்தியான வைத்தியர்

தாடிக்கொம்பு சாலையிலிருந்த தன் பட்டறைக்கு ஒரு லாரி வந்து நின்றால், மொக்கைச்சாமி உடனே பானட்டைத் திறந்துவிட மாட்டார். முதலில் முகம் கழுவுவார். பிறகு நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, ஓடுகிற இன்ஜின்மேல் அதன் முனையை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். லாரிக்காரர்கள் மூச்சுக்கூட விடாமல் நிற்பார்கள். அந்தக் காதில் விழுந்ததெல்லாம் வெறும் கடகடச் சத்தம்தான் என்பது மொக்கைச்சாமிக்கு மட்டுமே தெரியும்.

வேடசந்தூர்ப் பட்டறை ஒன்றில் எடுபிடியாகக் கிடந்த காலத்தில் அவர் நட்டுக் கழற்றக் கற்றார். வண்டிக்காரன் வாயைத் திறக்கும்வரை தன் வாயைத் திறக்கக் கூடாது என்பதையும் கற்றார். பொறுமை இழந்த வண்டிக்காரன், “டீசல் பீச்சுற நாசிலா இருக்குமோ?” என்று முனகுவான். மொக்கைச்சாமி மெதுவாகக் கண்ணைத் திறந்து, “நாசிலேதான்” என்பார். இப்படியே பேசிப் பேசி லாரி டாக்டர் ஆகிவிட்டார்.

தொண்ணூற்றேழு கார்த்திகையில் அகரத்து ராயப்பராஜ் தன் பழைய லாரியைக் கொண்டுவந்தார். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி நடை அடிக்கிறவர். வண்டியைத் தானே ஓட்டுவார்.

“விடியக்காலையில ஸ்டார்ட் பண்ணுனா, காய்ச்சக்காரன் மாதிரி ஒதறுது மொக்கை. ஸ்லோவுல நிக்கவே மாட்டேங்குது, பொசுக்குன்னு ஆஃப் ஆயிருது. நாலஞ்சு தடவ செல்ஃப் அடிச்சு, ஓடிச் சூடாயிருச்சுன்னா அப்புறம் ஒரு கொறையும் இல்ல.”

அவர் இதைச் சொன்னது உச்சி வெயிலில். இன்ஜின் சூடாக, சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வருகிற நோயை மத்தியானத்தில் பார்ப்பதில் மொக்கைச்சாமிக்குச் சங்கடம் ஏதும் இல்லை. வெயில் ஏறுமுன் அவர் பாயைவிட்டு எழுந்ததே கிடையாது. காதில் திருப்புளியை வைத்தார், கண்ணை மூடினார், “நாசில் போச்சுண்ணே” என்றார்.

நாசில்கள் மாறின. மறுநாள் விடியலில் லாரி உதறி நின்றது. டீசல் பம்பைக் கழற்றி மதுரைக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்கினார். லாரி உதறி நின்றது. வால்வு வேலை பார்த்தார். அதற்கும் அது மசியவில்லை. பிறகு டீசலில் கலப்படம் என்றார். தெற்கே பார்த்து வண்டியை நிறுத்துவது ஆகாது என்றும் சொல்லிப் பார்த்தார். கடைசியில், “வயசாயிருச்சுல்லண்ணே, மனுசனுக்கே காலையில முட்டி பிடிக்குது” என்றார்.

“முட்டிய நாம் பாத்துக்கிறேன். இனிமே ராத்திரி உன் வாசல்லதான் வண்டி நிக்கும். உதறுறத நீயே கேளு” என்று ராயப்பராஜ் லாரியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு டிவிஎஸ்ஸில் வீட்டுக்குப் போனார். பட்டறைக்குப் பின்னால்தான் மொக்கைச்சாமியின் வீடு. தினமும் விடிகிற நேரத்தில் ராயப்பராஜ் வந்து செல்ஃப் அடிப்பார், லாரி உதறும், நிற்கும், மறுபடி உதறும். டாக்டர் போர்வையை இழுத்துக் காதுவரை மூடிக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ராயப்பராஜுக்குப் பொறுமை போய்விட்டது. கதவை இடித்தார். “ஏலே மொக்கை! வந்து கேளுலே இப்ப!”

மொக்கைச்சாமி போர்வையும் திருப்புளியுமாக வெளியே வந்தார். லாரிக்குப் பக்கத்தில் குனிந்தபோது அவர் கால் எதையோ தட்டியது. ஒரு தேங்காய்ச் சிரட்டை உருண்டு, அதிலிருந்த டீசல் அவர் பாதத்திலேயே கொட்டியது.

“அய்யோ, கொட்டிட்டீங்களா!” என்று உள்ளிருந்து ஓடிவந்தாள் அவர் மனைவி சிவனம்மாள். “அடுப்புப் பத்தவைக்கல்ல வச்சிருந்தேன்!”

“என்னது?” என்றார் ராயப்பராஜ்.

“வண்டி வந்து நின்ன நாள்லருந்து அந்தக் குழாயில சொட்டுதுண்ணே. ராத்திரி வச்சா காலையில ஒரு சிரட்டை இருக்கும். ஈர வெறகுகூட நல்லாப் பிடிக்குது.”

மொக்கைச்சாமி லாரிக்கு அடியில் படுத்து, டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயைத் தடவினார். கிளாம்புக்குக் கீழே விரல் நகம் அளவுக்கு வெடிப்பு. ராத்திரியெல்லாம் டீசல் சொட்டி இறங்க, அந்த இடத்தில் காற்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. காலையில் பம்பு டீசலுக்குப் பதில் காற்றை இழுத்திருக்கிறது. அது வெளியேறி முடிகிறவரை உதறல். வெடித்த நுனியை அறுத்துவிட்டுக் குழாயை மறுபடி சொருகி முடுக்கினார். கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினார். ஒரே செல்ஃபில் பிடித்த இன்ஜின், வாயாடி வாயடைத்த மாதிரி நிதானமாக ஓடியது.

வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வரவே அவருக்கு மனமில்லை. காது இரண்டும் கொதித்தன.

“ஒரு சாண் குழாய்க்கா என் இன்ஜினையே கொடலுருவுன?” என்றார் ராயப்பராஜ்.

மொக்கைச்சாமி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். “அண்ணே, அந்தச் சிரட்டைய அங்க வைக்கச் சொன்னது யாருன்னு நெனைக்கிறீங்க?”

“யாரு?” என்று கேட்டது சிவனம்மாள்தான்.

ராயப்பராஜ் சிரிக்கக்கூட இல்லை, சந்தைக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அன்றைக்கே ஒட்டன்சத்திரம் டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். கதை பழனி போய், தாராபுரம் போய்த் திரும்பியபோது சிரிப்பு வழியில் எங்கோ இறங்கிவிட்டிருந்தது. தை பிறந்ததும், “சிரட்டை வச்சுக் கண்டுபிடிக்கிறவரு நீங்கதானா?” என்று கேட்டுக்கொண்டு இரண்டு லாரிகள் வந்தன. மொக்கைச்சாமி இல்லை என்று சொல்லவில்லை. எந்த வண்டியானாலும் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்றார். பிரேக் பிடிக்காத வண்டிக்குக்கூடச் சிரட்டை வைத்தார்.

ஐந்தாறு வருஷம் கழித்து, பட்டறைக்கு எதிர்க் கடையில் மொக்கைச்சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். ராயப்பராஜும் அங்கே இருந்தார். நெய்க்காரப்பட்டி டிரைவர் ஒருவன் ராயப்பராஜிடம் சிரட்டை வைத்தியத்தின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தான்.

“அந்த வண்டியே என் வண்டிதாம்ப்பா. சொட்டுனத அடுப்பெரிக்க எடுத்துச்சு அந்தப் பொம்பள. இவருக்கு ஒண்ணுந் தெரியாது” என்றார் ராயப்பராஜ்.

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தான். “ஏனுங்க, உங்களோட சேத்து ஒம்பது பேரு அது என் வண்டின்னு சொல்லிட்டாங்க.”

மொக்கைச்சாமி டீயை ஊதிக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது.