வினோலியாவின் வாய்

"சாளைக் குழம்புக்கு எவளாவது தக்காளி போடுவாளா? நீயே சொல்லு தனம்!" பின்சீட்டிலிருந்து வினோலியா கேட்கிறார். ஸ்கூட்டரை ஓட்டும் தனலட்சுமி பரம்பரைச் சைவம். சாளை மீன் எப்படி இருக்கும் என்றே தெரியாது. இருந்தாலும், "போட மாட்டாங்கக்கா" என்கிறாள். அந்தப் பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிடுகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு மைதானத்தில், தினமும் காலை ஆறரை மணிக்கு, பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்குகிறார் வினோலியா. வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது உவரிப் பக்கம் கடற்கரையில். காற்றுக்கு மேல் கத்திப் பழகிய குரல், மைதானத்தின் அடுத்த முனையில் நடப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். "அவ பேச ஆரம்பிச்சா நான் ஒரு தூக்கம் போட்டு எந்திச்சிருவேன். அப்பவும் பாதிக் கதையிலதான் நிப்பா" என்பார் கணவர் ஜேசுதாசன்.

சும்மா வளவளப்பு என்று நினைத்தால் ஏமாந்து போவோம். பாத்திரக் கடைக்காரன், பங்குச் சாமியாரின் நீண்ட பிரசங்கம், நாத்தனார் கட்டிய புடவை என்று போகிற பேச்சுக்கு நடுவே, குரல் மாறாமல், "பைய பிரேக்கப் புடி" என்று ஒரு வரி விழும். "கவனம் கவனம்னு சொன்னா கையி வெறச்சிரும்ட்டீ. மனச எங்கூடப் பேச விடு. கையி அது பாட்டுக்கு ஓட்டிரும்." முந்நூறு பெண்களாவது இப்படிப் பயம் தெளிந்து போயிருப்பார்கள். பேச்சை இவ்வளவு உருப்படியாகச் செலவழித்த ஆளை நான் பார்த்ததில்லை.

தனலட்சுமி விஷயத்தில்தான் அந்த வாய்க்கே சோதனை வந்தது. அவள் கிராம நர்ஸ். பத்தமடைக்கு அப்பால் பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு மாற்றல் ஆகியிருந்தது; லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை. மைதானத்தில் வெண்ணெய் போல ஓட்டுபவள், பரீட்சையில் தனியாக எட்டுப் போடும்போது இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டாள். இரண்டு தடவை அப்படி. இரண்டாம் தடவை வினோலியா கோட்டுக்கு வெளியே நின்று கத்தப் போக, பிரேக் இன்ஸ்பெக்டர் கடுப்பாகிவிட்டார். "யம்மா, இனிமே நீங்க வாயத் தொறந்தா அவங்க ஃபெயிலு!"

அன்று ஜேசுதாசனிடம் வினோலியா கண் கலங்கினார். "நாந்தான் பேசிப் பேசி அவளக் கெடுத்துட்டேன் போல. எஞ் சத்தமில்லாம அவளுக்கு ஓட்ட வரல."

மூன்றாவது தடவை. தனலட்சுமி கிளம்பினாள். முதல் வளைவு சரியாகப் போனது. இரண்டாவதில் வண்டி ஆடியது, வலது கால் தரைக்கு இறங்கப் பார்த்தது. வினோலியாவின் வாய் தானாகத் திறந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டார்.

அப்போது வண்டியிலிருந்தே ஒரு குரல் வந்தது. "எங்க மதினி மறுவீட்டு விருந்துக்குத் தேங்காப்பால் சொதி வச்சாக்கா! இஞ்சித் தொவையல் இல்லாம! இஞ்சித் தொவையல் இல்லாமச் சொதி உண்டுமா? கேக்கதுக்கு ஆளில்லயா?" தனலட்சுமி யாரையும் பார்க்கவில்லை. உரக்கத் திட்டிக்கொண்டே வளைந்தாள். இறங்கப் பார்த்த கால் மேலே போய்விட்டது. ஓட்டுகிறவர் பேசக் கூடாது என்று சட்டம் ஏதுமில்லாததால், இன்ஸ்பெக்டர் பேனாவைப் பிடித்தபடி சொதிக் கதை முழுவதையும் கேட்டார். எட்டு முடிந்தது. கையெழுத்துப் போட்டார்.

தனலட்சுமி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "எக்கா, பாஸு! ஏதாவது சொல்லுங்கக்கா!"

வினோலியா வாயிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்தக் கையால் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார், போ என்று.