வாலில் இருந்தவனுக்குக் கேட்டது

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு எழுபது தாண்டிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் காது கேட்கும், கண் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பீர் குடிப்பேன், அவ்வளவுதான். இது நடந்தது செவ்வாய்க்கிழமை.

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில், எங்கள் ஊருக்கு வெளியே பழைய ராணுவ ஓடுதளம் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் உள்ள விமானம் நிறுத்தும் தகர ஹேங்கரில் நாங்கள் சில கிழவர்கள் சேர்ந்து பல வருடமாக இரண்டாம் உலக யுத்தத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ஒட்டுவது என்றுதான் சொல்ல வேண்டும். முன்பாதி ஒரு காயலான் கடையில் கிடைத்தது. இறக்கை ஸ்காட்லாந்து மலையில் கிடந்தது. வால் பகுதி மிஸஸ் பார்க்கின் பண்ணையில் இருந்தது. யுத்தக் காலத்திலிருந்தே அவர்கள் வீட்டில் அதைக் கோழிக்கூடாக வைத்திருந்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது வால் நுனியில், துப்பாக்கிக்காரன் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்குள், ஒரு சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. விமானத்தில் ஏழு பேர் போவார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நகர்ந்தால் ஒரு மனித முகம் தெரியும். வாலில் இருப்பவனுக்கு அதுவும் இல்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டி, முதுகுக்குப் பின்னால் கதவையும் சாத்திக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடியே போக வேண்டும். காதில் மாட்டிய இன்டர்காமில் வரும் குரல்தான் அவனுக்குத் துணை. எனக்கு அந்தக் கூண்டைப் பார்க்கவே பிடிக்காது. என் மனைவி மாவிஸ் போன பிறகு, என் வீட்டுச் சமையலறையைப் பார்த்தாலும் அப்படித்தான். அதனால்தான் எல்லோரும் கிளம்பிய பிறகும் நான் ஹேங்கரிலேயே கிடப்பேன். வீட்டுக்குப் போய் யாரிடம் பேச?

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பூட்டுவதற்கு முன்னால், கடைசியாக இருப்பவர் விமானி இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இன்டர்காமில் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட வேண்டும். ஒருமுறை எங்களில் ஒருவன், ஹாவர்டு, மூக்குப் பகுதியில் படுத்துக்கொண்டு வேலை செய்தவன் அப்படியே தூங்கிவிட்டான். தெரியாமல் பூட்டிவிட்டோம். அவன் மனைவி எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. யாரும் பதில் சொல்லாவிட்டால், "எல்லாரும் இறங்கலாம்" என்று கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பூட்டுவோம். யுத்தத்தில் ஸ்கிப்பர், அதாவது விமானி, ஆட்களைக் குதிக்கச் சொல்லும் உத்தரவை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டோம்.

வாலுக்கு மட்டும் அதுவரை இன்டர்காம் கிடையாது. அங்கே யாராவது இருந்தால் கோழி மாதிரி கத்திப் பதில் சொல்ல வேண்டும் என்று டெரிக் சட்டம் போட்டிருந்தான். எங்கள் எலக்ட்ரீஷியன் அவன்தான். கிண்டல் பேர்வழி.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே அவன் பல் டாக்டரிடம் போகக் கிளம்பிவிட்டான்.

"யோவ் ரோலண்டு, வால் ஒயரை நீயே சேத்துடு. சிவப்போட சிவப்பு, நீலத்தோட நீலம். உன்னாலகூட முடியும்."

சேர்த்தேன். வாலில் பாதியில் அறுந்து நின்ற பழைய ஒயர் அது. அறுந்த முனை கருகியிருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து முன்பக்கத்து ஒயரோடு முறுக்கி, ஈயத்தால் பற்றவைத்தேன். நவம்பர் மாதம். நான்கரைக்கெல்லாம் வெளியே நல்ல இருட்டு. தகரத்தில் மழை தட்டிக்கொண்டிருந்தது.

கூண்டுக்குள் விளக்கடித்து ஒருமுறை பார்த்தேன். கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. யாரோ வாயைக் கிட்டே வைத்து ஊதியது போல ஒரு வட்டம்.

ஈரக்காற்று என்று நினைத்துக்கொண்டேன். துடைத்தேன்.

கூண்டுக் கதவுக்கு வெளியே கொக்கியில் பாராசூட் பை தொங்கிக்கொண்டிருந்தது. பார்வையாளர்களுக்காக நான் தைத்த பை. உள்ளே வெறும் ஸ்பாஞ்ச். நான் கை வைக்கவில்லை. ஆனால் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

முன்னால் வந்தேன். விமானி இருக்கையில் ஏறினேன். பேட்டரி சுவிட்சைப் போட்டேன். ஹெட்போனை மாட்டினேன். புஸ்ஸென்ற இரைச்சல்.

"மூக்கு?"

ஒன்றுமில்லை.

"வழிகாட்டி?"

ஒன்றுமில்லை.

"ரேடியோ? மேல்கூண்டு?"

இரைச்சல் மட்டும்.

"வால்?"

சட்டென்று இரைச்சல் நின்றது... யாரோ பட்டனை அழுத்தினால் அப்படித்தான் நிற்கும். மூச்சு விடும் சத்தம். பக்கத்தில். குளிரில் நடுங்குகிறவன் மூச்சு.

"டெரிக், விளையாடாதே," என்றேன். வாய் சொன்னதே தவிர, அவனுடைய வேன் வெளியே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் போனதை நான் பார்த்தேன்.

மூச்சு... மூச்சு...

பிறகு ஒரு குரல். சின்னப் பையன் குரல். இருபது வயதுகூட இருக்காது.

"வால் இங்கதான் இருக்கேன், ஸ்கிப்பர்."

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ரொம்ப நேரமா ஒரு குரலும் வரலை. எல்லாரும் இருக்கீங்களா?"

ஓட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கீழே இறங்கும் கதவு வால் பக்கம்தான். அவன் இருக்கும் பக்கமாகத்தான் போக வேண்டும்.

"ஸ்கிப்பர்?"

அந்தக் குரலில் இருந்த பயம் என் பயத்தைவிடப் பெரிது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தனியாக இருக்கிறவனுக்குத் தனியாக இருக்கிறவன் குரல் தெரியாமல் போகுமா?

என்ன சொல்வதென்று தெரியாமல், பழக்கத்தில் வருவது வாயில் வந்துவிட்டது.

"எல்லாரும் இறங்கலாம்."

பிறகு ஒரு பெருமூச்சு.

"சரி, ஸ்கிப்பர். கீழ பாக்கலாம்."

கிளிக்.

பின்னால், அந்த இருட்டில், கூண்டின் கதவு திறந்தது... கிரீச்... கொக்கியிலிருந்து ஏதோ எடுக்கும் சத்தம். பற்சக்கரம் சுற்றும் சத்தம். கர்... கர்... கர்...

கூண்டு திரும்புகிறது.

துணி உரசியது.

சர்ரென்று எதுவோ வழுக்கிக்கொண்டு போனது.

காத்திருந்தேன். கூண்டுக்குக் கீழே சிமெண்ட் தரை. ஆள் உயரத்துக்கு மேல். விழுந்தால் சத்தம் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பிறகு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். கூண்டு முழுக்கப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பின்கதவு வெளிப்பக்கம் திறந்து கிடந்தது. வாலில் இருப்பவன் குதிக்கும்போது அப்படித்தான் திருப்பிக்கொண்டு மல்லாக்கச் சரிவான். எங்களில் ஒருவரும் அந்தக் கூண்டைத் திருப்பியது கிடையாது. துருப்பிடித்து இறுகிப்போனது அது.

கீழே தரையில் யாரும் இல்லை. கொக்கியில் பையும் இல்லை.

மறுநாள் டெரிக் வீங்கிய கன்னத்தோடு வந்தான். சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். கூண்டைத் தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. "யாருகிட்டயும் சொல்லாத," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டான். அன்று மற்றவர்கள் வரும் நாள் அல்ல. மறுபடி நான் தனியாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஹேங்கர் போன் அடித்தது. மிஸஸ் பார்க்கின். கோழிக்கூட்டை எங்களுக்குக் கொடுத்த அம்மாள்.

வழக்கம்போல வாலைப் பற்றி விசாரித்தார். ஒயர் சேர்த்துவிட்டோம் என்றேன். அப்போதுதான், முன்பு எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய மாமனார் சொன்னதாம். அந்த விமானம் அடிபட்டுத் திரும்பி வந்து, அவர்கள் வயலுக்கு மேலேதான் உடைந்தது. விமானி குதிக்கச் சொல்லிவிட்டுத் தானும் குதித்தான். ஆறு பேர் பாராசூட்டில் இறங்கினார்கள். அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, விடியும்வரை ஏழாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். விடிந்த பிறகு வேலியோரம் வால் கிடந்தது. அவன் உள்ளேயே, கட்டிய பெல்ட்டோடு, உட்கார்ந்தபடி இருந்தான். பாராசூட் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய ஒயர் வழியில் கருகிப்போயிருந்ததால், குதிக்கச் சொன்னது அவனுக்குக் கேட்கவே இல்லை.

நான் சேர்த்த ஒயர்.

"அந்த ஆறு பேரும் இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போய்ச் சேந்தாச்சு, கண்ணு. எத்தனை வருஷமாச்சு," என்றார். பிறகு, "அதை விடுங்க, நான் போன் பண்ணினது வேற விஷயம். நேத்து நீங்க அனுப்பின பையன் நல்லபடியா வந்தானா?"

"எந்தப் பையன்?"

"சாயங்காலம் அடுப்படிக் கதவத் தட்டினானே. பெரிய பூட்ஸ், தோல் தொப்பி. நீங்கதான் விழாவுக்கெல்லாம் அந்தக் காலத்து உடுப்பு மாட்டிக்கிட்டு அலையற ஆளுங்களாச்சே. கக்கத்துல வெள்ளைத் துணி மூட்டை வேற. மழையில நனஞ்சு வெடவெடன்னு நடுங்கினான். பாவம், டீ குடின்னு சொன்னேன், உள்ளயே வரலை. மத்தவங்கல்லாம் வந்துட்டாங்களான்னு கேட்டான்."

வெள்ளைத் துணியா? அந்தப் பாராசூட் பைக்குள் நான் அடைத்தது ஸ்பாஞ்ச்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல? உங்க ஆளுங்க எல்லாரும் ஹேங்கர்லதான் இருப்பாங்க, பதினாலு மைல், ரோட்டப் பிடிச்சு நேரா நடன்னு சொன்னேன். சந்தோஷமாக் கிளம்பிட்டான். இன்னும் வரலையா?"

போனை வைத்தேன். மழை விட்டிருந்தது.

வெளியே சரளைக்கல்லில் பூட்ஸ் சத்தம்... மெதுவாக, களைத்துப்போனவன் நடை. பக்கக் கதவுக்கு எதிரே வந்து நின்றது.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். போடவா, எடுக்கவா என்று எனக்கே தெரியவில்லை. அவன் என்ன கேட்பான் என்பது தெரியும். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.