ஃபார்வர்டட் மட்டும்

கைப்பேசியில் எவனோ அனுப்பிய காலை வணக்கத்தின் தலையில் ‘ஃபார்வர்டட்’ என்று இருந்தது. எரிச்சலாக வந்தது. பூப் படத்துக்கெல்லாமா எரிச்சல்படுவார்கள் என்று கேட்பீர்கள். பூவோடு எனக்குச் சண்டையில்லை.

தொண்ணூறுகளில் வேங்கிக்கால் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். ரிப்பன் மை வாசனை சாப்பாட்டிலும் வரும். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிய திமிர் வேறு. ஊழியர் யார் மனு கொடுத்தாலும், அதன் அடியில் சூப்பரின்டென்டன்ட் கையெழுத்துக்கு மேலே ஒரு சொல் அடிக்க வேண்டும். ‘ரெக்கமண்டட்’ என்றால், நியாயமான மனு, கொடுங்கள் என்று இவர் சொல்கிறார். ‘ஃபார்வர்டட்’ என்றால், வந்தது, அனுப்பினேன், எனக்குச் சம்பந்தமில்லை. மேலே இருப்பவர்கள் மனுவையா படித்தார்கள்? அந்தச் சொல்லைத்தான் பார்ப்பார்கள். ஃபார்வர்டட் மட்டும் இருந்தால் மனு கட்டோடு கட்டாய்த் தூங்கும்.

கமலா அக்கா எங்கள் பியூன். வீடு கீழ்பென்னாத்தூரில். கணவருக்குப் பக்கவாதம், பகலில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. உள்ளூர் ஆபீசுக்கே மாற்றல் கேட்டு மனு கொடுத்தார். எந்தச் சொல் சார் என்று சூப்பரின்டென்டன்ட்டைக் கேட்டேன்.

“ரெக்கமண்ட் பண்ணா நாளைக்கு என்னத்தான் கூப்ட்டு கேப்பாங்க. ஃபார்வர்டட் போடு, போதும்.”

நல்ல மனிதர்தான். வம்பு வேண்டாம் என்கிற வகை நல்ல மனிதர். அடித்தேன்.

அக்கா பக்கத்திலேயே நின்றார். “இன்னாம்மா போட்டுக்கிறாரு?”

“மேல அனுப்பிட்டாருக்கா.”

“அய்யா நல்லா இருக்கணும்,” என்றார். நான் அடுத்த தாளைச் செருகினேன்.

மூன்று முறை மனு போனது. மூன்று முறையும் அதே சொல், இதே விரல்கள். ஒரு மதியம் கட்டிலிலிருந்து விழுந்த மனுஷன், அக்கா சாயங்கால பஸ்சில் போய்ச் சேரும்வரை தரையிலேயே கிடந்தார். உயிர் எப்போது போனதென்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வருடம் பொது மாற்றலில் அக்காவுக்குக் கீழ்பென்னாத்தூர் வந்தது. “இனிமே எங்க இருந்தா இன்னாம்மா,” என்று ஆணையை வாங்கிக்கொண்டு போனார்.

டைப்ரைட்டர்கள் ஏலத்தில் போயின. கட்டடத்தை இடித்துவிட்டார்கள். சூப்பரின்டென்டன்ட் இறந்துவிட்டார், அக்காவும் போய்விட்டார். இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று முதல் மனுவிலேயே நான் அக்காவிடம் சொல்லியிருந்தால், அய்யா முன்னால் நின்று சண்டையாவது போட்டிருப்பார். அப்புறம் சொல்லியிருந்தால் என்னைத் திட்டியாவது இருப்பார். இனித் திட்டவும் ஆளில்லை.