மிளகாய்க்கு வந்த பட்டாசுக் கந்தகம்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். வாடகைக்கு எடுத்த ஒரு கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, ஊர் ஊராய் மருந்தடித்துப் பிழைப்பைத் தொடங்கியவன். சிவகாசியில் இன்றைக்கு மூன்று ஷட்டர் வைத்த பூச்சிமருந்துக் கடை என்னுடையது. "படிக்காதவனுக்கு லைசென்சா?" என்று விரட்டிய ஆபீசிலேயே பின்னாளில் எனக்கு நாற்காலி போட்டார்கள். பவர் ஸ்பிரேயரை வாடகைக்கு விடும் தொழிலை இந்தப் பக்கம் கொண்டுவந்ததும் நான்தான். மிளகாய் இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

செல்போன் கடைக்காரர்கள் கையில் வந்து, காட்டில் பாடுபடும் சம்சாரி கைக்கு வந்து சேராத காலம். ஒரு தை மாதத்தில் ஆனைக்குட்டம் சங்கரபாண்டியின் மிளகாயில் சாம்பல் நோய் விழுந்தது. இலைக்கு அடியில் மாவு தூவியதுபோல வெள்ளை பூக்கும். விட்டால் இலையெல்லாம் கொட்டிச் செடி குச்சியாக நிற்கும். அதற்கு நனையும் கந்தகம் என்ற பூஞ்சாணக்கொல்லி உண்டு, தண்ணீரில் கரைத்து அடிப்பது. அவன் கடைக்கு வந்ததுமே பொட்டலத்தை எடுத்து வைத்தேன்.

"மருந்து இருக்கு அண்ணாச்சி. மிஷின் மட்டும் குடுங்க. தூள் அடிக்கிற குழாயும் வேணும்."

வேறு கடையில் வாங்கிவிட்டான் என்று எனக்குக் கடுப்பு. என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேட்காமல் மிஷினைத் தூக்கிக் கொடுத்தேன். பெட்ரோலில் ஓடுவது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தால் தூளைப் புகைபோல வீசும்.

உச்சிப் பொழுதில் அவன் பொண்டாட்டி முத்துமாரி பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"ஒங்க மிஷின் எம்புட்டு இழுத்தும் ஸ்டார்ட் ஆகல அண்ணாச்சி. பிளக்கு போயிருச்சாம். புதுசு வாங்கியாரச் சொன்னாக."

மிஷினுக்குப் பொறி கொடுக்கும் அந்தப் பிளக்கைத் தேடிக்கொண்டே குத்தலாகக் கேட்டேன்: "மருந்து எந்தக் கடையில வாங்குனீக?"

"கடையா? எந் தம்பி இருளப்பன் நாரணாபுரத்துல பட்டாசுக் கம்பெனியில இருக்கான்ல, அவன் கொண்டாந்தான். கந்தகந்தான? அதுலயே பொழங்குற நாங்க அதைக் கடையில வாங்கவாக்கும்?" என்று சிரித்தாள்.

"மஞ்சளா இருக்கா தாயி?"

"மஞ்சதான். கொஞ்சம் சாம்பக் கலரா, மினுமினுன்னு இருக்கும்."

தேடிய பிளக்கை அப்படியே விட்டேன். சுத்தக் கந்தகம் மினுங்காது. மினுங்குவது அலுமினியத் தூள். பட்டாசு மருந்து கலக்கும் ரூமில் கூட்டி அள்ளியது அது. ஒரு பொறி பட்டால் மிஷினோடு வெடிக்கும்.

"தூளை உள்ள போட்டாச்சா?"

"நெறச்சு வரப்புல வச்சிருக்காக. நான் வர்றதுக்குள்ள பழைய பிளக்கத் தேச்சுப் போட்டுப் பாக்கேன்னாக."

அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். கம்பெனி விபத்தைப் பார்த்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எந்தப் பக்கம் புகை தெரிந்தாலும் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

தோட்டத்தில் சங்கரபாண்டி குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். மிஷின் ஒருமுறை இருமி நின்றது.

"ஏலே, கயித்த விடுலே!"

பக்கத்தில் நின்ற இருளப்பன் சிரித்தான். "மச்சான், மருந்து விக்கலன்னு அண்ணாச்சி தொரத்திக்கிட்டே வந்துட்டாக!"

நான் மிஷினுக்கு முன்னால் குனிந்தேன். மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். வெகுதூரம் தள்ளியிருந்த பாறையில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். வெறும் கந்தகம் நீலமாக மெல்ல எரியும். இது வெள்ளையாகச் சீறிக் கண்ணைப் பறித்துவிட்டு அடங்கியது.

இருளப்பன் முகம் செத்துப்போனது. "சலிக்கிற ரூம்ல கூட்டுன வெறுங் கந்தகம்னு நெனச்சேன் மச்சான்..."

தூளை நனைக்க நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். இருளப்பன் பாய்ந்து என் கையைப் பிடித்தான். "தண்ணி வேண்டாம் அண்ணாச்சி! ஈரம் பட்டாத் தன்னால சூடேறும்." சொன்னவனே, உரசாமல், தட்டாமல், தூளைப் பருத்தித் துணியில் கவிழ்த்தான். போர்மேன் காலில் விழுந்தாவது ஒப்படைக்கிறேன் என்று கம்பெனிக்குக் கொண்டுபோனான்.

சங்கரபாண்டி தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா ஓடியிருக்கும் அண்ணாச்சி."

நனையும் கந்தகத்தை அன்று சாயங்காலமே நானே கைத்தெளிப்பானில் அடித்தேன். வெயிலில் அடித்தால் இலை கருகும். புதுத் துளிர் வெள்ளையில்லாமல் வந்தது. அந்த மிளகாய் விருதுநகர் மண்டிக்குப் போனது.

மருந்துத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மிஷின் கேட்டு வருகிறவனிடம், அதற்குள் என்ன போடப்போகிறான் என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். கோபத்தில் நான் கேட்கவில்லை. தேய்ந்த பிளக்கை மாற்றாமல் விட்டதும் நான்தான். அதுதான் அவனைக் காப்பாற்றியது.

அடுத்த சீசனில் விவசாய ஆபீஸ்காரர்கள் ஊர் ஊராக நோட்டீஸ் கொடுத்தார்கள். 'பட்டாசுக் கந்தகத்தைப் பயிருக்கு அடிக்காதீர்' என்று நாலு கலரில், பாறையும் தீப்பொறியும் படமாகப் போட்டு. கீழே அதிகாரி பெயர், அதற்கும் கீழே அச்சகத்தின் பெயர். தீக்குச்சி கிழித்தவன் பெயர் இல்லை. கேட்டதற்கு, "எடம் இல்ல அண்ணாச்சி" என்றார்கள். அச்சகத்துக்கு மட்டும் இடம் இருந்தது!

அந்த நோட்டீசை இன்னும் அடிக்கிறார்கள். அடுத்த தடவை 'மருந்துக்கடை குருசாமி கண்டுபிடித்துத் தடுத்தது' என்று போடுங்கள். அன்றைக்கு முத்துமாரி வாய் திறந்திருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. அவள் பெயரையும் போடுங்கள். என் பெயருக்குக் கீழே.