கைக்குழாய்க்கு ஐம்பத்தேழாயிரம் லீற்றர்

கொழும்பில், கட்டடங்களுக்குத் தீயணைப்பு ஏற்பாடுகளை வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய கந்தோர் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், மன்னார்க் கரையில் ஒரு நண்டுத் தொழிற்சாலைக்கு ஸ்பிரிங்ளர் போடும் வேலை வந்தது. சண்டை முடிந்து கரைப்பக்கம் புதிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் மன்னார்த் தீவில் பிறந்தவள் என்பதால் அதை என்னிடம் தந்தார்கள். தமிழ் தெரியும், வெயிலும் பழக்கம் என்றார்கள். கணக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முதலாளி ஐம்பது வயதுக்காரர். தகப்பனோடு கடலுக்குப் போனவர், இடம்பெயர்ந்து திரும்பி வந்து, வள்ளங்களிலிருந்து நண்டு வாங்கிக் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கியவர். இப்போது வெளிநாட்டில் ஒருவன் வாங்குகிறான். களஞ்சியத்தில் ஸ்பிரிங்ளர் இல்லையென்றால் வாங்கமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். கூரைக்குக் கீழே குழாய் ஓடும், அதில் வரிசையாகச் சிறு தலைகள் இருக்கும், நெருப்புச் சூடு பட்ட தலை மட்டும் திறந்து தண்ணீர் தெளிக்கும் என்று நான் விளக்கியபோது, மற்றத் தலைகள் சும்மாவா இருக்கும் என்று கேட்டார். ஓம் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

என் கணக்குப்படி ஸ்பிரிங்ளருக்கு நிமிடத்துக்கு ஆயிரம் லீற்றர். ஒரு மணி நேரத்துக்கு அறுபதாயிரம், அவ்வளவு தண்ணீர் பிடிக்கிற ஒரு தாங்கி. இன்னும் சரிபார்க்கவில்லை என்று எழுதி, வரைபடத்தை முதலாளிக்கு அனுப்பினேன். அவர் தாங்கியின் அளவை மட்டும் வாசித்தார். மூன்றாவது வாரம் தாங்கிக்குக் கொங்கிறீற் போட்டு முடித்துவிட்டார்.

அதே வாரம் எங்கள் கந்தோரில் கணக்குச் சரிபார்ப்பவர் என் தாளைத் திருப்பி அனுப்பினார். சிவப்பு மையில் ஒரு சொல்லும் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. "கைக்குழாய்?"

ஸ்பிரிங்ளர் நெருப்பை அடக்கி வைக்கும். மூலைமுடுக்கில் மிஞ்சியதை ஆட்கள் குழாய் பிடித்துத்தான் அணைக்க வேண்டும். இரண்டுக்கும் தண்ணீர் ஒரே தாங்கியிலிருந்துதான் போகும். குழாய்க்கென்று தனியாகக் கூட்டாவிட்டால், குழாயைத் திறக்கிற நேரம் ஸ்பிரிங்ளர் வறண்டுபோகும். எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கங்களில் இருக்கிற விசயம். நிமிடத்துக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது லீற்றர், ஒரு மணி நேரத்துக்கு ஐம்பத்தேழாயிரம். நான் விட்டது சில்லறை இல்லை, கிட்டத்தட்ட இன்னொரு தாங்கி. பம்ப் இன்னும் வாங்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

தொலைபேசியில் சொல்ல முடியாது என்று பஸ் ஏறிப் போனேன். வழி முழுக்க, சொல்லவேண்டியதை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். தீவுக்குப் போகும் பாலம் வந்தபோது ஒரு வசனமும் மிஞ்சவில்லை.

முதலாளி தாங்கிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல தாங்கி. சுவரில் ஒரு வெடிப்பும் இல்லை.

"அண்ணை, இது காணாது. இன்னொரு தாங்கி வேணும்" என்றேன்.

அவர் தாங்கியைப் பார்த்தார். "ஆர் பிழை?"

"என்ர பிழை. குழாய் பிடிக்கிற ஆக்களுக்குத் தண்ணி கூட்ட மறந்துபோனன்."

தீயணைப்பு வண்டி எங்கிருந்து வரும் என்று கேட்டார். பாலம் தாண்டி வரவேண்டும் என்றேன். அப்படியென்றால் அது வந்துசேர முன்னம் எல்லாம் எரிந்துவிடும், பிறகு யாருக்குத் தண்ணீர் என்றார். வண்டிக்கு மட்டுமில்லை, சுவரில் மாட்டுகிற குழாயை உங்கள் ஆட்களே எடுப்பார்கள், கண் முன்னே நெருப்பிருந்தால் எவரும் குழாயைத் தொடாமல் இருக்கமாட்டார்கள் என்றேன்.

"கலியாணத்துக்கு மாப்பிள்ளை பகுதியை எண்ணாமல் சோறு போட்டிருக்கிறியள்" என்றார்.

ஓம் என்றேன். எனக்கு அழுகை வந்தது. வெயிலில் கண் கூசுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தாங்கிக்கு இருந்தது ஒரே ஒரு மூலை. அங்கே புனித அந்தோனியாரின் சிலை வைக்கச் சின்னதாய் ஒரு கெபி கட்டித் தருவதாக முதலாளி வேலைக்காரப் பெண்களுக்குச் சொல்லியிருந்தார். கெபி வாசல் பக்கம் போனது. நண்டுச் சதை எடுக்கும் பெண்களை மேற்பார்வை செய்யும் அக்கா ஒருவர், அந்தோனியாரை எழுப்பிவிட்ட பிள்ளை நீதானா என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஞாயிறு பூசை முடிய என் அம்மாவிடமும் விசாரித்திருக்கிறார்.

தீவுக் கிணற்றுத் தண்ணீர் உவர். குழாயை அரித்துவிடும் என்று நானாட்டான் பக்கமிருந்து பவுசர் லொறியில் கொண்டுவந்து நிரப்பினோம். பிறகு சோதனை. ஸ்பிரிங்ளரின் சோதனை வால்வையும் இரண்டு கைக்குழாய்களையும் ஒன்றாகத் திறந்து, அழுத்தம் விழாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றது. நல்ல தண்ணீர் பத்து நிமிடம் மணலில் ஓடியது. பெண்கள் வேலையை விட்டு வந்து பார்த்தார்கள். அந்த அக்கா, முதலே சொல்லியிருந்தால் உடுப்பாவது தோய்த்திருப்போம் என்றார். குழாய் பிடிக்கப் பழக்கியபோது முன்னுக்கு வந்தவரும் அவர்தான். முதல் தரம் குழாய் அவரை இழுத்துக்கொண்டு போனது. இரண்டாம் தரம் இன்னும் இருவரைச் சேர்த்துப் பிடித்தார்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் முதலாளி அழைத்தார். மட்டைப் பெட்டிகள் வைக்கும் களஞ்சியத்தில் தட்டு ஒன்றை வெல்டிங் செய்ய, பொறி பறந்து நெருப்புப் பிடித்துவிட்டதாம். ஆட்களுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். இரண்டு தலைகள் திறந்தன. அக்காவும் இரண்டு பெண்களும் குழாயை இழுத்துக்கொண்டு போய், அடுக்குகளுக்கு இடையில் புகைந்ததை அணைத்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது வேலை முடிந்திருந்தது. வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்கள்.

அதன்பிறகு முதலாளி போகிற இடமெல்லாம் என் கணக்கைப் புகழத் தொடங்கினார். அந்தப் பிள்ளை பஸ் ஏறி வந்து சொல்லியிருக்காவிட்டால் எல்லாம் சாம்பல் என்றாராம். அம்மாவுக்குக் கோயிலில் மரியாதை கூடியது.

நான் ஒரு பின்னேரம் கந்தோரில் இருந்து கணக்குப் பார்த்தேன். இரண்டு தலை, ஒரு குழாய், நாற்பது நிமிடம். எப்படிக் கூட்டினாலும் இருபத்தைந்தாயிரம் லீற்றர் தாண்டவில்லை. முதல் தாங்கியே காணும். என் பிழை அப்படியே இருந்திருந்தாலும் நெருப்பு அணைந்திருக்கும்.

இரண்டு கிழமை அதை யாருக்கும் சொல்லவில்லை. புகழை வைத்திருக்கலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அம்மா தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் அதையே சொல்ல, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்குப் போனபோது முதலாளியிடம் தாளை விரித்துக் காட்டினேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. "தெரியும் பிள்ளை. அண்டைக்கே தாங்கியில ஏறிப் பாத்தனான். முக்கால்வாசி அப்பிடியே கிடந்தது."

"பிறகேன் அப்பிடிச் சொல்லித் திரியிறியள்?"

"நெருப்பு அண்டைக்குச் சின்னன். அவ்வளவுதானே" என்றார். "பெரிசா வந்திருந்தால் நீங்கள் சொன்னது சரி. அதை எல்லாருக்கும் விளங்கப்படுத்த எனக்கு நேரமில்லை."

நான் தாளை மடித்து வைத்தேன். மனம் லேசானது என்று சொல்லலாம். அவர் புகழ்வதை நிறுத்தவில்லை, ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

பிறகு அவர் பக்கத்துக் காணியில் இன்னொரு களஞ்சியம் கட்டினார். பழைய கட்டடத்திலிருந்து விலகி நின்றது. இரண்டும் ஒரே நேரத்தில் எரியும் என்று வைத்துக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆகவே இருக்கிற இரண்டு தாங்கிகளும் கைக்குழாய்க்கான தண்ணீரையும் சேர்த்து அதற்கும் போதும் என்று வந்தது. இந்தமுறை நானே மூன்று தரம் சரிபார்த்து, கந்தோரிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். அவர் சந்தோசப்பட்டார். எதற்கும் இன்னொரு இன்ஜினியரையும் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டார். அவரும் போதும் என்று சொன்ன பிறகு வேலையைத் தொடங்கினார்கள்.