ஹன்னா மிஸ் ஒரு தடவைதான் கேட்டார்

காபி கொதிக்கிற மணம் கூடம் முழுக்க நிறைந்திருக்கும். வந்தவர் அதை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டே "வேணாம், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்பார். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் இப்படித்தான் "பிகு" பண்ணுவார்கள். அம்மா மறுபடி கேட்பாள், அவர் மறுபடி மறுப்பார், மூன்றாவது தடவை டம்ளர் கைக்குப் போய்விடும். நாங்கள் வெளியே போன இடத்தில் கேட்டவுடன் கையை நீட்டிவிட்டால், வீடு திரும்பியதும் தொடையில் கிள்ளு விழும். "சோத்துக்கு அலைஞ்ச குடும்பம்னு நெனைக்க மாட்டாங்க?" என்பாள் அம்மா. "அலையிறது" என்பதைவிடக் கேவலமான சொல் எங்கள் வீட்டில் கிடையாது.

அந்த வருஷம் அலைய வேண்டிய நிலைமைதான். அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். அம்மா முந்திரி உடைக்கப் போய் விரலெல்லாம் தோல் உரிந்து வந்தாள். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த செல்வி அக்காவைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்புவதென்று முடிவாகி, ஞாயிற்றுக்கிழமை வேன் வரும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா அழவில்லை, சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க நார்வேயிலிருந்து வந்திருந்த ஹன்னா மிஸ், புதன்கிழமை சாயங்காலம் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடிக்கிறீர்களா என்று அம்மா கேட்டதும் "குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்; அம்மா அடுப்பைக்கூடப் பற்றவைத்திருக்கவில்லை. பிறகு, இங்கே வந்து பழகிய தமிழில் நிதானமாகச் சொன்னார்: சிதம்பரத்தில் ஹாஸ்டலோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ப்ளஸ் டூ முடிகிறவரை எல்லாச் செலவையும் தன் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், செல்வியை அனுப்ப அம்மாவுக்குச் சம்மதமா. கதவுக்குப் பின்னால் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா, ஒங்களுக்கு வீண் செரமம். வேணாம்" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்திருந்தது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் காலிலேயே விழுந்திருப்பாள்.

மிஸ் எழுந்துகொண்டார். "சரிம்மா. உங்க பொண்ணு, உங்க முடிவு" என்று கும்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வருவார் என்று அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகாமல், நல்ல புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மிஸ் நாற்காலி போட்டார், அப்பாவின் உடம்பை விசாரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. மத்தியான மணி அடிக்கிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு அம்மா எழுந்து வந்தாள். நீயே கேட்டிருக்கலாமே என்று அக்கா அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கத்தினாள்.

"வேணாம்னு சொன்ன வாயால எப்பிடிடி கேக்கறது?"

அப்பா படுத்த இடத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது.

சிதம்பரத்து இடம் லால்பேட்டைப் பெண் ஒருத்திக்குப் போயிற்று. அவளுடைய அப்பா கேட்ட மாத்திரத்தில் சரி என்றுவிட்டாராம். ஒருவர் வேண்டாமென்ற பிறகு திரும்பத் திரும்பக் கேட்பது மிஸ்ஸுடைய ஊரில் பெரிய மரியாதைக்குறைவு என்றும், எங்கள் அம்மாவை மதித்துத்தான் அவர் வாயை மூடிக்கொண்டார் என்றும் மிஸ்ஸோடு வேலை பார்த்த இன்னொரு டீச்சர் சொல்லி எங்களுக்குத் தெரிந்தபோது அக்கா போய் மாதக்கணக்காகிவிட்டது. யாரைத் திட்டுவது? நல்ல மனசோடு வந்தவர் அவர், மானத்தோடு பேசியவள் இவள், நடுவில் என் அக்காவின் படிப்பு போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது எங்கள் தெருவில் யாரும் மூன்று தடவை கேட்பதில்லை, வந்தவரும் பிகு பண்ணுவதில்லை. ஒரு தடவை கேட்டு, வேண்டாமென்றால் அவரவர் போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். போன ஜூனில் அக்கா மகளுக்காகச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியிலிருந்து போன் பண்ணினார்கள். சீட் இருக்கிறது, வருகிறீர்களா என்று போனில் பேசிய பெண் கேட்டு முடிப்பதற்குள் அம்மா அக்கா கையிலிருந்து போனைப் பிடுங்கி, "வரோம்மா, வரோம், சேத்துக்குங்க, நாங்க வரோம்" என்று சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

"அம்மா, அவுங்க சரின்னுட்டு அப்பவே வச்சிட்டாங்க" என்றாள் அக்கா.