பலாவுக்கு ஈடாக ஒரு வாகை

குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டம் வந்ததும், எங்கள் வீட்டுக்கான மனுவை நான்தான் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். நாங்கள் வந்தே ஐந்து வருடம்தான் என்று பண்ணைத் தரப்பு சாதித்தது. இல்லையென்று காட்ட எங்களிடம் ஒரு காகிதமும் கிடையாது. கல்யாணமான புதிதில் அப்பா கொல்லையில் நட்ட பலாதான் இருந்தது. அதை விவரமாக எழுதினேன்: முப்பது வயது, இரண்டு கைக்கும் அடங்காத பருமன், கொல்லையின் வடக்கு மூலை.

தாலுகா ஆபீசில் குமாஸ்தா அதை உரக்கப் படித்தார். பண்ணையின் காரியஸ்தர் பக்கத்திலேயே நின்று கேட்டார். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. வியாழக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை பலாவின் அடியில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தது. மரம் பண்ணைச் சொத்தாம். தஞ்சாவூர் வீணைப் பட்டறைக்கு விற்றாகிவிட்டதாம். வீணையின் குடத்துக்கு அடிமரம் வேண்டுமென்று புதன்கிழமை வேரோடு எடுப்பார்களாம். ஆபீசுக்கு ஓடினேன். அதுதான் வியாழக்கிழமை வருகிறோமே என்றார்கள்.

அப்பா திட்டவில்லை. "நம்ம சாட்சி எங்க நிக்குதுன்னு நீயே எழுதிக் குடுத்துட்டியேப்பா" என்றார்.

உத்திரத்துக்கென்று அவர் ஒரு வாகை மரத்தை வைத்திருந்தார். புயலில் சாய்ந்தது, மூன்று வருடமாக நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு துண்டு அறுத்து, உரச்சாக்கில் சுற்றி, செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனேன்.

பலாவை விட்டுவிட்டு இந்த வாகையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பட்டறைக்காரர் உளியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். "வாகையில வண்டி செய்வாங்க தம்பி. வீணை செஞ்சா மேடைக்கு உருட்டிட்டுத்தான் போவணும்." வேலையாட்கள் சிரித்தார்கள்.

துண்டை அவர் முன்னால் நீட்டினேன். "உங்க பலா பச்சை மரம்ணே. காயவே வருஷக்கணக்காவும். இது காஞ்சது. தட்டிப் பாருங்க."

உளியை வைத்தார். துண்டை இரண்டு விரலில் தொங்கவிட்டு, முட்டியால் தட்டி, காதருகே கொண்டுபோனார். மறுபடி தட்டினார். மூன்றாவது முறை தட்டும்போது யாரும் சிரிக்கவில்லை.

"பலா மாதிரி இல்ல. ஆனா ஊமை இல்ல. படிக்கிற புள்ளைங்களுக்குத் துண்டு துண்டாச் சேத்து ஒட்டு வீணை செய்யலாம்" என்றார். பிறகுதான், அந்தப் பலா எங்களுக்கு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மறுபடி உளியை எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் அறுப்பாட்கள் கயிறோடு வந்துவிட்டார்கள். அப்பா மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். வாங்குகிறவர் வராமல் ரம்பம் வைக்கமாட்டோம், அதுதான் வழக்கம் என்று அவர்கள் சொன்னதால், காரியஸ்தர் வாய்க்கால் கரைக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

உச்சிவேளையில் மாட்டு வண்டியோடு பட்டறைக்காரர் வந்தார். பலாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாகையை வண்டியில் ஏற்றச் சொன்னார். "எனக்கு மரம் கெடைச்சிருச்சுங்க. இது வேணாம்" என்றார் காரியஸ்தரிடம்.

"வாங்க வேற ஆள் இல்லியா? நாளைக்கே கொண்டாரேன்" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காரியஸ்தர் போனார். உத்திரம் கிடந்த இடத்தில் வெளிறிய மண் தெரிந்தது. அன்று அடுப்பு எரியவில்லை.

வியாழக்கிழமை காரியஸ்தருக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். மரத்தைக் கயிற்றால் சுற்றி அளந்தார். முட்டிபோட்டுப் பட்டையைப் பார்த்து எழுதினார். எழுதி முடித்ததும் தாளை முகத்துக்கு நேரே தூக்கித் தொண்டையைச் செருமினார். வேலிக்கு அப்பால் காரியஸ்தர் புது ஆட்களோடு வந்துகொண்டிருந்தார்.

"சார், உரக்கப் படிக்காதீங்க" என்றேன்.